கடற்சாமந்தி பிடித்த இடம்

அத்தியாயம் 17

மீனின் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

றொசாந்தி தேநீர்க் கோப்பையோடு தொட்டியின் முன் குனிந்தாள். நேற்றுவரை கல்லிடுக்கிலிருந்து கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மஞ்சள் மீன், இப்போது கடற்சாமந்தியின் வாய்க்குள் முக்கால்வாசி போய்விட்டிருந்தது. தடித்த விரல்கள் போன்ற அதன் இதழ்கள் ஒவ்வொன்றாக மடிந்து மிஞ்சிய வாலையும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தன. அதில் அவசரமே இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "என்ன வடிவான பூ" என்பார்கள். அது பூ அல்ல, விலங்கு. கொட்டும், பிடிக்கும், விழுங்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

"றொசா, என்ர இடியப்பத் தட்டுகளைக் கண்டனியே?" குசினியிலிருந்து அண்ணி மாதங்கி கேட்டாள்.

தட்டுகள் தொட்டிக்குள்ளே கிடந்தன. முன்பக்க நடுக்கல்லின் மேல் இரண்டு தட்டுகளைத் தங்கூசி என்கிற நைலோன் நூலால் கட்டிக் கவிழ்த்து ஒரு கூடு செய்யப்பட்டிருந்தது. கூட்டுக்குள் ஒன்றுமில்லை.

"தண்ணிக்குள்ள கிடக்குது, அண்ணி."

மாதங்கி கையில் மாவோடு ஓடி வந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "என்ர கடவுளே. இஞ்சேருங்கோ, இதென்ன வேலை?"

பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே அண்ணன் சயந்தன் படியிறங்கி வந்தான். "மச்சான்தான் சொன்னவன். நல்ல இடத்தில வைச்சு மேலால கூடு போட்டா, ஓட ஏலாமல் அதிலயே ஒட்டிப் பிடிச்சிடுமாம்."

"ஒட்டிச்சே?"

"கீழால பூந்து போட்டுது."

"அதைச் சும்மா விடுங்கோ, அண்ணை," என்றாள் றொசாந்தி. "வெளிச்சமும் ஓட்டமும் தனக்குச் சரியா இருக்கிற இடத்தை அது தானாத் தேடும். கண்டா அங்க காலைப் பதிக்கும். நீங்கள் வைச்ச இடத்தில இராது."

"முன்னுக்கு இருந்தாத்தானே வாறவைக்குத் தெரியும். அவன் வந்து பாக்கேக்க மூலையில கிடந்தா என்ன நினைப்பான்?"

'அவன்' என்ற சொல் வந்ததும் றொசாந்தி தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சயந்தன் வாயைக் கொப்பளிக்கப் போனான். மாதங்கி திரும்பி மாவைப் பிசையத் தொடங்கினாள்.

போன கிழமை பெரியப்பா தொலைபேசியில் நாள் குறித்துச் சொன்ன சனிக்கிழமை வந்துவிட்டது. இன்று மத்தியானம் அவர் றொசாந்தியின் கணவன் ஜெஸ்ரினைக் கூட்டிக்கொண்டு நோர்பரியில் இருக்கிற இந்த வீட்டுக்கு வருகிறார். கதைத்து முடித்து, றொசாந்தியை ஹவுன்ஸ்லோவில் அவன் வீட்டுக்கே திரும்ப அனுப்பிவைப்பது என்பது அவருடைய எண்ணம். ஒரு தோள்பையோடும் கட்டுப்போட்ட இடக்கையோடும் தன் வாசலில் வந்து நின்ற தங்கச்சியை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த சயந்தனுக்கு, யாராவது ஒரு பெரிய மனிதர் வந்து முடிவு சொன்னால் போதும் என்றிருந்தது. பஸ் ஓட்டுகிறவன். வழியில் ஏறுகிறவர்கள் திட்டினாலும் துப்பினாலும் முன்னால் இருக்கிற தெருவை மட்டும் பார்க்கப் பழகியவன்.

றொசாந்தி அவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தாள், வியாழக்கிழமை, அடுப்படியில் வைத்து. அவன் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு, "வழுக்கி விழுந்தன் எண்டுதானே ஆஸ்பத்திரியில சொன்னனீ" என்றான். அவ்வளவுதான்.

அவள் அப்படிச் சொன்னது உண்மைதான்.

ஹவுன்ஸ்லோ வீட்டில் இதைவிடப் பெரிய தொட்டி இருந்தது. ஜெஸ்ரின் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்த கடற்சாமந்தி. ஒரு நாள் அது தானாகவே இரண்டாகப் பிளந்து இரண்டு உயிராகியது. அந்த இரண்டாவதைத்தான் சயந்தனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தான். மச்சானும் மச்சானும் நெருங்கியது அப்படித்தான்.

பிறகு ஒரு நாள் றொசாந்தி தொட்டியைத் துடைத்துவிட்டு, அலையடிக்கிற மோட்டரைத் திரும்பப் போட்டாள். மோட்டர் நின்றிருந்த நேரத்தில் கடற்சாமந்தி நகர்ந்து போய் அதன் கம்பிவலையில் ஏறி இருந்ததை அவள் பார்க்கவில்லை. உள்ளே சுழன்ற விசிறி அதை அரைத்துத் தள்ளிவிட்டது. தண்ணீர் பால் போல ஆகி, பொழுதுபடுவதற்குள் எல்லா மீனும் செத்து மிதந்தன.

ஜெஸ்ரின் கத்தவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். அவளுடைய இடக்கையை எடுத்து, மேசை விளிம்பில் வைத்து, ஒரு தடியை முறிப்பதுபோல முழங்காலால் அழுத்தினான். பிறகு அவனே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். சிவப்பு விளக்கில் நின்றபோது டிஷ்யூ எடுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். "தண்ணியில வழுக்கினதெண்டு சொல்லும். சரியே?"

"ஓம்," என்றாள். அங்கே போய் அதையேதான் சொன்னாள்.

*

பெரியப்பா சச்சிதானந்தன் உள்ளே வரும்போதே கார் பற்றிய கவலையோடுதான் வந்தார். "வாசல்ல விட்டனான். இஞ்ச சனிக்கிழமையும் பார்க்கிங் டிக்கெட் எழுதுற வார்டன் திரியிறவனே, தம்பி?" லூயிஷாமில் கடை வைத்திருக்கிறவர், கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். தான் பொருத்திவைத்த கல்யாணங்களில் ஒன்றுகூடப் பிரிந்ததில்லை என்பது அவருக்குப் பெருமை.

அவருக்குப் பின்னால் ஜெஸ்ரின் வந்தான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கையில் கேக் பெட்டி. முதலில் தொட்டியைப் பார்த்தான். பிறகுதான் அவளை.

"சுகமே, றொசா? கை எப்பிடி?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் தொட்டிப் பக்கம் போய்விட்டான். "எங்க மச்சான், அதைக் காணேல்லை?"

"அது பின்னுக்குப் போட்டுது," என்று சயந்தன் தலையைச் சொறிந்தான்.

அந்தத் தொட்டி ஹோலையும் குசினியையும் பிரிக்கிற மாதிரிக் குறுக்கே வைக்கப்பட்டிருந்தது. ஹோலில் இருப்பவர்களுக்கு முன்கண்ணாடியும் கல்லடுக்கும் தெரியும். கல்லடுக்குக்குப் பின்னால், குசினிப் பக்கக் கண்ணாடியில் கைமுட்டியளவு மோட்டர் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் குசினி வாசலில் நின்றால்தான் தெரியும். கடற்சாமந்தி இப்போது அந்த மூலையின் அடியில், மணலோடு ஒட்டிக் கிடந்தது.

ஜெஸ்ரின் எட்டிப் பார்த்துவிட்டு விரலால் கண்ணாடியைத் தட்டினான். "இடம் தேடுது. நகத்தைக் குடுத்துக் கிளப்பி முன்னுக்கு வைக்கவேணும். கேக்காட்டி ஐஸ் கட்டியைக் காலில வை. தானா விடும்." பிறகு சத்தத்தைத் தணித்தான். "கவனம், மச்சான். என்னட்ட இருந்தது போனாப் பிறகு இது ஒண்டுதான் மிச்சம்."

பெரியப்பா செற்றியில் சாய்ந்து காதைக் குடைந்தார். "இதென்ன தம்பி, வீட்டுக்க மழை பெய்யிற மாதிரி இரைச்சல்? நிப்பாட்டு. ஆறுதலாக் கதைக்க ஏலாது."

பெரியவர்கள் வந்து உட்கார்ந்தால் ரேடியோவையும் டிவியையும் நிறுத்துவது அந்த வீட்டு வழக்கம். சயந்தன் யோசிக்கவே இல்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தான். மோட்டர் நின்றது. இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த அலைச் சத்தம் அடங்கியதும் வீடு காது அடைத்ததுபோல் ஆயிற்று.

"பிள்ளை, நீ குசினிக்க அண்ணியோட நில்லு," என்றார் பெரியப்பா. "கூப்பிடேக்க வா."

*

உழுந்து வடை தாச்சியில் பொரிந்துகொண்டிருந்தது. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற றொசாந்திக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நான் கோவக்காரன்தான், பெரியப்பா," ஜெஸ்ரினின் குரல் பணிவாக இருந்தது. "கத்தியிருக்கிறன். அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். ஆனா கை நீட்டினதில்லை. அவ வழுக்கி விழ, நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினனான். டொக்டரிட்டையும் அவவே சொன்னவ. பேந்து ஏன் இப்பிடிக் கதை மாறினதெண்டு எனக்கு விளங்கேல்லை."

"உன்ர பெரியம்மா ஒருக்கா என்ர தலையில கோப்பையால எறிஞ்சவ, தெரியுமே?" பெரியப்பா சிரித்தார். "இந்தா பார், தழும்பு. நான் ஆரிட்டையும் சொன்னனானே? குடும்பமெண்டா அதுதான். கோயிலில சனம் கேக்கத் தொடங்கீட்டுது, தம்பி. பிள்ளை எங்க, பிள்ளை எங்க எண்டு. நான் என்ன சொல்ல?"



"உவருக்கு இன்னும் ரெண்டு வடை வைக்கவே, வாயை அடைக்க?" என்று மாதங்கி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். வடைக் கரண்டியைத் தாச்சி விளிம்பில் தேவைக்கு அதிகமாகவே தட்டினாள்.

பேச்சு நீண்டது. வடை போயிற்று, தேநீர் போயிற்று, கேக் வெட்டப்பட்டது. றொசாந்தியின் பார்வை தற்செயலாகத் தொட்டியின் மீது விழுந்தது.

கடற்சாமந்தி மணலில் இல்லை.

தண்ணீர் அசையாமல் நின்றதும் அது ஓட்டத்தைத் தேடிக் கிளம்பியிருந்தது. கண்ணாடியில் பாதத்தைப் பதித்து, நத்தை ஏறுவதுபோல ஏறி, மோட்டருக்கு ஒரு கை அகலம் கீழே வந்துவிட்டது. ஹவுன்ஸ்லோவிலும் இப்படித்தான் ஏறியிருக்கும். அன்று அவள் பார்க்கவில்லை. இன்று பார்த்தாள்.

ஹோலுக்குள் ஓடினாள். "அண்ணை, அந்த மோட்டர்..."

"பிள்ளை." பெரியப்பா கையை உயர்த்தினார். "பெரிய ஆக்கள் கதைக்கேக்க இடையில வாற பழக்கம் எப்ப வந்தது?"

"இல்லை, பெரியப்பா. நான் சொல்ல வந்தது..."

"நீ சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிப்போட்டாய். இனி நாங்கள் கதைக்கிறம். உள்ள போ."

அவள் அண்ணனைப் பார்த்தாள். "பேந்து, றொசா. பேந்து சொல்லு," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஜெஸ்ரின் மட்டும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தான். "பாத்தீங்களே, பெரியப்பா? இதுதான். எதைச் சொன்னாலும் கேக்கிற பொறுமையில்லை."

அவள் திரும்பிக் குசினிக்குள் போனாள்.

கொஞ்ச நேரத்தில் சயந்தன் அங்கே வந்தான். முகத்தில் பாரம் இறங்கிய ஒரு தெளிவு. அந்தத் தெளிவைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"உடுப்புகளை எடுத்து வை, றொசா. இண்டைக்கே போறது நல்லதெண்டு பெரியப்பா சொல்லுறார். இனி ஏதும் நடந்தாத் தான் பொறுப்பெண்டு சொல்லுறார்."

"உங்களுக்கு விசரே?" என்றாள் மாதங்கி.

"நீ சும்மா இரு."

"அவர்தான் முறிச்சவரெண்டு நான் சொன்னனான், அண்ணை," என்றாள் றொசாந்தி. "நீங்கள் நம்பேல்லை."

"நம்பாமலில்லை." என்றான் அவன். "ரெண்டு பேரும் ரெண்டு கதை சொல்லுறீங்கள். நான் நேர கண்டனானே? நான் கண்டிருந்தா விட்டிருப்பனே?" கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியின் மேற்பக்கத்தைப் பார்த்தான். மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. "மீன் மூச்சுக்குத் தவிக்குது. மோட்டரைப் போடுறன்."

றொசாந்தியின் பார்வை தானாகக் குசினிப் பக்கக் கண்ணாடிக்குப் போனது. கடற்சாமந்தி ஏறி முடித்திருந்தது. பாதம் மோட்டரின் விலாவில் ஒட்டியிருந்தது. இதழ்கள் கம்பிவலையின் சந்துகளுக்குள் நுழைந்து, இதுதான் இடம் என்பதுபோல விரிந்து கிடந்தன.

அவள் வாயைத் திறந்தாள்.

ஹோலிலிருந்து ஜெஸ்ரினின் குரல் கேட்டது. "மச்சான், அடுப்படியில இருக்கிற சிவப்பு வாளியில அதையும் போட்டுத் தா. அவவோட சேத்து அதையும் கொண்டு போறன். உன்னட்ட ஒழுங்கா இருக்காது."

"ஓம், மச்சான்," என்றான் சயந்தன்.

றொசாந்தி வாயை மூடினாள்.

மாதங்கி அடுப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். றொசாந்தி எதைப் பார்க்கிறாள் என்று அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு றொசாந்தியின் முகத்தைப் பார்த்தாள். 

றொசாந்தி ஹோலுக்குள் நடந்தாள். ஜெஸ்ரின் கிளம்புகிற எண்ணத்தில் எழுந்து தொட்டியருகே வந்திருந்தான். அவள் போய் அவன் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் நின்றாள். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி குளிர்ந்தது.

சுவரருகே சயந்தன் சுவிட்சைப் போட்டான்.

*

முதலில் ஒரு முனகல். பிறகு தொண்டையில் எதுவோ அடைத்ததுபோன்ற இழுப்பு. பிறகு மிக்ஸியில் எதையோ போட்ட சத்தம்.

கல்லடுக்குக்குப் பின்னாலிருந்து வெள்ளை நிறத்தில் ஒரு புகை தண்ணீருக்குள் கிளம்பியது. அதில் பழுப்புத் துணுக்குகள் சுழன்றன. கோடு போட்ட ஆரஞ்சு மீன் ஒன்று அதற்குள்ளிருந்து சிதறி ஓடி முன்கண்ணாடியில் மோதியது.

சயந்தன் பதறி சுவிட்சை அணைத்தான். "ஐயோ, நான் காணேல்லை. மச்சான், நான் காணேல்லை."

ஜெஸ்ரின் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவன் முகத்தில் அந்தப் பழைய அமைதி வந்திருந்தது. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்த நாளின் அமைதி. றொசாந்திக்கு அது நன்றாகத் தெரியும்.

"கண்டனீ," என்றான்.

"ஓம்," என்றாள் அவள். "சொல்ல வந்தனான். உள்ள போகச் சொன்னவை."

அடி காதோடு விழுந்தது. ஹோலில் இருந்த சத்தமெல்லாம் ஒரே ஊதலாகிப் போனது. அவள் விழவில்லை, விழுவதற்குள் அவன் அவளுடைய பின்னலைப் பிடித்துக் கைமுட்டியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். அவளுடைய நெற்றி தொட்டியின் மேல்விளிம்பில் மோதியது. மறுபடியும் மோதியது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் இன்னொரு கையால் கட்டுப்போட்ட அவளுடைய இடக்கையைத் தேடிப் பிடித்து முறுக்கினான். ஆறிக்கொண்டிருந்த எலும்பு உள்ளே நெரிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

"ரெண்டாம் தரமாடி? அண்டைக்கு மேசையில வைச்சு அரைகுறையா முறிச்சதுதான் நான் விட்ட பிழை. முழுசா முறிச்சிருக்க வேணும்."

செற்றியில் பெரியப்பா வடையோடு உயர்த்திய கை அப்படியே நின்றது.

சயந்தன் குசினிக்குள் பாய்ந்தான். குசினி மேசையடியில் இருந்த உயரமான ஸ்டூலைக் காலில் பிடித்துத் தூக்கினான். முதல் அடி ஜெஸ்ரினின் தோளில் விழுந்தது. பின்னலை விட்டுவிட்டு அவன் திரும்பினான். இரண்டாவது அடிக்கு ஜெஸ்ரின் குனிந்துவிட்டான். ஸ்டூல் முன்கண்ணாடியில் போய் இறங்கியது.

துவக்கு வெடித்ததுபோல் ஒரு சத்தம்.

பெரியப்பா செற்றியிலிருந்து பாய்ந்து நிலத்தில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். ஊரில் சண்டைக்குள் இருந்த உடம்பு, லண்டனில் எத்தனை வருடம் கடை நடத்தினாலும் அந்தச் சத்தத்துக்குப் படுக்கத்தான் செய்யும். மறுகணம் உப்புத் தண்ணீர் முழுவதும் அவர் மேலாகப் பாய்ந்து, கேக் பெட்டியையும் செருப்புகளையும் வாரிக்கொண்டு வாசல்வரை ஓடியது.

"மெயினை நிப்பாட்டுறன், ஒருத்தரும் வயரைத் தொடாதேங்கோ," என்று கத்திக்கொண்டு மாதங்கி படிக்கட்டின் கீழிருந்த பெட்டிக்கு ஓடினாள். விளக்குகள் அணைந்தன.

நவம்பர் மத்தியானத்தின் மங்கல் வெளிச்சத்தில், மணலும் கல்லும் துள்ளுகிற மீன்களும் நிறைந்த தரையில், சயந்தன் ஜெஸ்ரினின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி இருந்தான். அடித்தான். மூக்கு போயிற்று. அடித்தான். கண்ணாடித் துண்டுகள் அவன் கைக்குள்ளேயே ஏறியிருந்தன. ஒவ்வொரு அடிக்கும் அவன் ரத்தமும் தெறித்தது. ஜெஸ்ரின் முதலில் நகத்தால் பிறாண்டினான். பிறகு கையை மட்டும் உயர்த்தினான். பிறகு அதையும் உயர்த்தவில்லை.

"அண்ணை, காணும்." றொசாந்தி நல்ல கையால் அவன் கழுத்தைக் கட்டி இழுத்தாள். "செத்துப்போவான், அண்ணை."

"சாகட்டும்."

அதை அவன் மெதுவாகச் சொன்னான்.  இந்தக் குரல் அண்ணனுடையது இல்லை. இதை அவள் வேறொரு வீட்டில் கேட்டிருக்கிறாள். குனிந்து, அவன் புஜத்தில் பல் பதியக் கடித்தாள். அவன் விறைத்து நின்றான். தன் கைகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அப்படியே சரிந்து தண்ணீரில் உட்கார்ந்தான்.

"ஆராவது என்ர காரை எடுக்கவேணும்," என்றார் பெரியப்பா, நிலத்திலிருந்து தலையைத் தூக்காமலே. யாரும் சிரிக்கவில்லை.

*

பக்கத்து வீட்டுப் போலந்துப் பெண்தான் பொலிசுக்குச் சொல்லியிருக்கவேண்டும். அவர்கள் கெதியாகவே வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் கண்டது ஒரு காட்சியை மட்டும்தான். நினைவு தப்பிக் கிடக்கிற ஒருவன், அவன் பக்கத்தில் கை நிறைய ரத்தத்தோடு இன்னொருவன். சயந்தன் மறுக்கவில்லை. கைகளை நீட்டினான். கண்ணாடித் துண்டுகளைப் பிடுங்கிக் கட்டுப் போட்டுவிட்டு, அந்தக் கட்டின் மேலேயே விலங்கை மாட்டினார்கள்.

ஒரு பெண் அதிகாரி றொசாந்தியின் முன் குந்தி இருந்தாள். நெற்றிக்குத் துணியைப் பிடித்துக்கொண்டே, தரையெல்லாம் தண்ணீராக இருக்கிறதே, வழுக்கி விழுந்தாயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள்.

"இல்லை," என்றாள் றொசாந்தி, அதே மொழியில். "என் கணவர் அடித்தார். இதற்கு முன்பும் அடித்தார். கையை முறித்ததும் அவர்தான். அப்போது நான் பொய் சொன்னேன்."

அதிகாரி எழுதிக்கொண்டாள். எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து, இன்று எதற்காக அடித்தார் என்று கேட்டாள்.

"ஒரு கடற்சாமந்தி செத்துப்போனது," என்றாள். 

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது ஜெஸ்ரினுக்கு நினைவு திரும்பியிருந்தது. வீங்கிய வாயால், பக்கத்தில் நின்ற பொலிசுக்கு விளங்காத தமிழில், "வேணுமெண்டு செய்தவள். கண்டு கொண்டும் நிண்டவள். பெரியப்பா, நீங்கள்தான் சாட்சி," என்றான்.

போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த பெரியப்பா றொசாந்தியை ஒருமுறை பார்த்தார். தான் உயர்த்திய கையும், தான் சொன்ன 'உள்ள போ'வும் அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். பார்வையைத் திருப்பிக்கொண்டு, நனைந்த சட்டைப்பையில் கார்ச் சாவியைத் தேடினார். சாவியை எடுத்துக்கொண்டு வாசலால் போனார்.

*

ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி இரவு வெகுநேரமானபோது வீட்டில் இரண்டு பெண்கள்தான் மிஞ்சினார்கள். றொசாந்திக்கு நெற்றியில் தையல், கையில் புதுக்கட்டு. மாதங்கி மெழுகுதிரி வெளிச்சத்தில் கண்ணாடியைக் கூட்டி, தண்ணீரைப் பிழிந்து பிழிந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். காலையில் சயந்தன் உப்புக் கரைத்து வைத்த சிவப்பு வாளி மட்டும் அசையாமல் அடுப்படியில் இருந்தது. அதற்குள் ஒரேயொரு ஆரஞ்சு மீன். அதன் கீழே, அரைபட்டது போக மிஞ்சிய கடற்சாமந்தியின் பாதி. மாதங்கிதான் பொறுக்கிப் போட்டிருந்தாள்.

"பிழைக்குமே?" என்று கேட்டாள்.

"தெரியேல்லை. கால் மிஞ்சினாச் சிலவேளை பிழைக்கும்."

மாதங்கி துடைப்பதை நிறுத்தினாள். "நான் கண்டனான், றொசா. நீ பாத்துக்கொண்டு நிண்டதை."

றொசாந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிழையெண்டு சொல்லேல்லை. உன்ர இடத்தில நானும் வாயைத் திறந்திருக்க மாட்டன்." மாதங்கி துடைப்பக் கட்டையில் சாய்ந்தாள். "ஆனா என்ர மனிசன் இப்ப உள்ளுக்க இருக்கிறார். கேஸ் விழுந்தால் வேலை போயிடும். அந்த ஆளுக்கு பஸ் ஓட்டுறதைத் தவிர வேற ஒண்டும் தெரியாது. அதையும் நீ யோசிச்சனியே?"

யோசித்திருக்கவில்லை. தன்னை அடிப்பான் என்பதை யோசித்தாள். அண்ணன் காண்பான் என்பதை யோசித்தாள். கண்ட பிறகு அண்ணன் என்ன ஆவான் என்பதை யோசிக்கவில்லை.

மேசையில் இருந்த மாதங்கியின் போன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள். "ஓம், நான்தான். சாப்பிட்டீங்களே? கை நோகுதே?" அவன் சொன்னதைக் கேட்டாள். போனைக் காதிலிருந்து எடுத்து நீட்டினாள். "உன்னோட கதைக்க வேணுமாம்."

றொசாந்தி வாங்கினாள். "அண்ணை."

 பொலிஸ் நிலையத்திலிருந்து சயந்தனின் குரல் வந்தது. காலையில் இடியப்பத் தட்டுக்கு அசடு வழிந்த அதே அண்ணனின் குரல்.

"றொசா, எனக்கு ஒண்டு மட்டும் சொல்லு. நான் ஆரிட்டையும் சொல்ல மாட்டன். குசினிப் பக்கத்தால பாத்தாத் தெரியும்தானே. நான் சுவிட்சைப் போடேக்க, அது எங்க இருந்தது?"

மாதங்கி துடைப்பக் கட்டையைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாளிக்குள், கிழிந்த பாதம் பிளாஸ்டிக் சுவரைத் தடவித் தடவி மேலே ஏறிக்கொண்டிருந்தது.